சொல்ல வந்தவள்

இது நடந்தது. நம்புங்கள் என்று நான் யார் காலிலும் விழப்போவதில்லை. பேய் பார்த்தேன் என்று எவனாவது வந்தால், இவன் எதை விற்க வந்திருக்கிறான் என்றுதான் முதலில் பார்ப்பேன். ஆனால் என்னிடம் இதைச் சொன்ன தனசிங் கதை கட்டுகிற ஆள் இல்லை.

தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு மருத்துவக் கல்லூரி. பெயர் வேண்டாம். கெட்ட செய்தியை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்று ஜோசலின் டாக்டர் அங்கே பிள்ளைகளுக்குப் பழக்குகிறார். அதற்கு நோயாளி போல உட்காருவதுதான் தனசிங்குக்கு வேலை. ஒவ்வொரு மாணவனும் வந்து, "உங்களுக்குப் புற்றுநோய்" என்பான். இவர் இடிந்துபோக வேண்டும். அவ்வளவுதான்.

மனைவி போனபின் பெருங்களத்தூரில் ஒற்றை அறையில் கிடக்கிற மனுஷன். அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து, "நான் சொல்றது புரியுதா ஐயா?" என்று கேட்கிறார்களே. வீட்டில் அப்படிக் கேட்க யார் இருக்கிறார்கள்?

அந்த மாதம் அவருக்கே வயிற்றில் வலி. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனியில் இருக்கும் மகன் ஜோஷ்வா வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தான். டாக்டரிடம் இவன் மட்டும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தான்.

"வெறும் அல்சர்தாம்ப்பா."

சொல்லும்போது தரையைப் பார்த்தான். வகுப்பில் தேறாத பிள்ளைகளும் அப்படித்தான் பார்ப்பார்கள். தனசிங்குக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. என்னவென்று தெரிந்தே ஆகவேண்டும். கேட்டால் எவனும் சொல்லமாட்டான்.

ஒரு சனிக்கிழமை. வகுப்பு முடிந்தபோது மணி நாலு. மழைமேகம் கட்டி, வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள். தனசிங்கும் எழுந்தார்.

கதவு திறந்தது.

பச்சை உடுப்பில் ஒரு பெண். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து நேராக ஓடிவந்த மாணவி என்று நினைத்தார்.

"இன்னாம்மா இவ்ளோ லேட்டு? எல்லாம் கெளம்பிட்டாங்கோ."

"உக்காருங்கண்ணா."

பிள்ளைகள் ஐயா என்பார்கள், அங்கிள் என்பார்கள். அண்ணா என்று எவரும் கூப்பிட்டதில்லை. கடைசி ஆள், முடித்துக்கொடுப்போம் என்று உட்கார்ந்தார்.

அவள் நாற்காலியை இழுத்தாள். சத்தமே வரவில்லை...

காலில் செருப்பு இல்லை. மணிக்கட்டில் பிளாஸ்டிக் பட்டை... நோயாளிக்குக் கட்டுவார்களே, அது.

"உங்களுக்கு இன்னான்னு தெரிஞ்சிக்கணுமா?"

பாடத்திலும் முதலில் அதைத்தான் கேட்கவேண்டும். "சொல்லும்மா" என்றார்.

"அல்சர் இல்லண்ணா. கணையத்துல கட்டி. ஈரலுக்கும் பரவிடுச்சு. ஜோஷ்வாவுக்குத் தெரியும்."

மகன் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

மேலே விசிறி கடகடவென்று சுற்றியது. அவள் முடி அசையவில்லை.

இடிந்துபோக வேண்டிய இடம். இவருக்கு நடிக்க வரவில்லை.

அவள் அவர் கையைப் பிடித்தாள்.

சில்லென்று...

"எனக்கு யாரும் சொல்லல. அதான்."

எழுந்தாள். கதவருகே நின்று இன்னும் ஏதோ சொன்னாள்.

அப்புறம் அங்கே யாருமில்லை.

கதவு மூடியே இருந்தது.

படிக்கட்டிலேயே மகனுக்குப் போன் போட்டார்.

"கணையமாடா?"

"யாருப்பா சொன்னா?" என்று கேட்டு ஜோஷ்வா அழுதான்.

திங்கட்கிழமை ஜோசலின் டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னார். அப்படி ஒரு மாணவியே இல்லை என்றார் டாக்டர். பச்சை உடுப்பு, மணிக்கட்டுப் பட்டை என்றதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"முன்னாடி அந்த ரூம் பெண்கள் வார்டு. நோயாளிங்களுக்கு அதே பச்சை உடுப்புதான். நான் அப்ப ஹவுஸ் சர்ஜன். ஒரு அம்மா, சின்ன வயசுதான், தினம் 'எனக்கு இன்னா டாக்டர்'னு கேப்பாங்க. வீட்டுக்காரர் பின்னாடி நின்னு கும்பிடுவார், சொல்லிடாதீங்கன்னு. வெறும் வாய்வுன்னு நினைச்சுக்கிட்டேதான் செத்துப்போனாங்க. அவங்களாலதான் நான் இந்த வகுப்பையே ஆரம்பிச்சேன்."

டாக்டர் நாற்காலியை இவர் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேற ஏதாவது சொன்னாங்களா ஐயா?"

கதவருகே நின்று அவள் சொன்னது இதுதான்:

"டாக்டரம்மாவுக்கும் ஒரு கட்டி கீது. அவங்களுக்கே இன்னும் தெரியாது."

ஜோசலின் டாக்டர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா" என்றார் தனசிங். "வேற ஒண்ணும் சொல்லல."