ஒன்பது வோல்ட் பேட்டரி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: காஜா முகைதீன் பாயின் மனைவி சபீதா, மகன் சல்மான் ஃபாரிஸ், மகள் தஸ்மியா, நான். மொத்தம் நாலு பேர். ஐந்தாவது ஆள் கிடையாது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்ததைச் சொல்கிறேன்.

சென்னையில் நைட் ஷிஃப்ட் வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்தவன் நான். ஏரலில் வீட்டு லாக்கர்களுக்கு நம்பர் பூட்டு மாட்டுகிறேன், பழுது பார்க்கிறேன். ராத்திரியில் எதையும் பார்த்துப் பயந்ததில்லை. இது நடந்தது பட்டப்பகலில்.

ஞாயிறு மாலை 4:10-க்கு பாய் போன் செய்தார்.

"ஷிபின், லாக்கரத் திறந்தா அஞ்சு தடவ கத்துது. வந்து பாத்துட்டுப் போயேன்."

"பேட்டரி தீருது பாய். ஒன்பது வோல்ட்டு, சதுர பேட்டரி. கடையில கேளுங்க. நீங்களே மாத்திரலாம்."

மழை. எனக்குப் போகச் சோம்பல். வேறு காரணம் இல்லை.

அன்றிரவு தாமிரபரணி ஊருக்குள் வந்தது.

புதன் மதியம் சபீதா ஆளனுப்பினார். வீட்டுக்குள் கணுக்கால் அளவு சேறு. ஞாயிறு மாலை வெளியே போன பாய் திரும்பவில்லை. பக்கத்து ஊர் முகாமில் அவரைப் பார்த்ததாக யாரோ சொல்ல, அதை நம்பிக்கொண்டிருந்தார்கள். லாக்கருக்குள் சல்மானின் பாஸ்போர்ட். மறுநாள் அதிகாலை திருவனந்தபுரத்தில் விமானம். விசாவுக்கு அதுதான் கடைசி நாள். வாசலில் கார் நின்றது. நாலு மணிக்குமேல் நிற்க முடியாது என்று டிரைவர் சொல்லிவிட்டார்.

"நம்பர் தெரியும்ணே. லைட்டே எரிய மாட்டேங்குது," என்றான் சல்மான்.

"அவசரச் சாவி?"

"லாக்கருக்குள்ளதான் பத்திரமா இருக்கு."

"நல்ல பத்திரம்."

மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. அறுத்துத் திறக்கவும் வழியில்லை.

"பாய் எதுக்கு வெளிய போனாவ?"

"இந்தச் சனியனுக்கு பேட்டரி வாங்கத்தான் தம்பி," என்றார் சபீதா. "யாரோ சொன்னாவளாம்."

நான் குனிந்து பையைத் திறந்தேன்.

3:32. பூட்டின் அடியில் இரண்டு உலோகப் புள்ளிகள் உண்டு. அதில் பேட்டரியை அழுத்தினால் வெளியிலிருந்தே உயிர் வரும். சேற்றைத் துடைத்தேன். என் புது பேட்டரியை அழுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை.

3:47. எண் பலகையைக் கழற்றினேன். ஒயர் இற்று, அறுந்து கையோடு வந்தது. பூட்டு செத்துவிட்டது என்று சொன்னேன். சல்மான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

3:52.

பீப்.

என் கையிலிருந்து...

அறுந்த பலகையில் விளக்கு எரிந்தது. ஒரு பொத்தான் தானாக அமுங்கியது. அடுத்தது. அடுத்தது. ஆறு முறை. பிறகு நீளமாக ஒரு பீப். தப்பான நம்பர்.

"வாப்பா எப்பவும் முதல் தடவ தப்பாத்தான் அடிப்பாவ..." என்றாள் தஸ்மியா.

மறுபடியும். இந்த முறை பைய...

பீப்... பீப்... பீப்...

ஆறு.

லாக்கருக்குள் மோட்டார் சுழன்றது. கிர்ர்ர்...

என் உள்ளங்கை நனைந்திருந்தது.

ஆற்று வாடை.

3:58-க்கு சல்மான் பாஸ்போர்ட்டோடு கிளம்பினான்.

வெள்ளிக்கிழமை, ஆற்றோர உடைமுள் புதரில் பாய் கிடைத்தார். ஞாயிறு இரவே உயிர் போயிருக்கிறது என்றார்கள்.

அடுத்த வாரம் போனேன். சபீதா கணவருக்காக இத்தா இருந்தார், வெளி ஆண்கள் முன் வரமாட்டார். தஸ்மியா கதவைப் பாதி திறந்து ஒரு பேட்டரியை நீட்டினாள். சதுர பேட்டரி. கடை உறை கிழியவில்லை.

"வாப்பா விரல விரிச்சுத்தான் எடுத்தாவ. உம்மா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாவ."

அங்கேயே உறையைக் கிழித்தேன். உள்ளே சொட்டு ஈரமில்லை. வோல்ட் மீட்டரை வைத்தேன்.

0.00.

தஸ்மியாவும் பார்த்தாள்.

"வாப்பா போனச் சரிபண்ணிட்டோம்," என்றாள். "கடைசியா பேசினது உங்ககிட்டதான்."

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கதவைச் சாத்தினாள். நான் முதல் படி இறங்குமுன் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.