பொம்மையிடம் பேசப் பழகியவள்

மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டே நர்சிங் படித்தவள் அவள். உரிமத் தேர்வில் எழுத்துத் தாள் கைகொடுத்தது; செய்முறையில் கோட்டை விட்டாள். நோயாளிக்குப் பதிலாகக் கிடத்தியிருந்த பொம்மையைப் பக்குவமாகத் துடைத்துத் திருப்பிப் போட்டாள். ஆனால், செய்யப்போவதை அதனிடம் சொல்லவே இல்லை. மதிப்பெண் போயிற்று.

“பொம்மைகிட்ட என்னத்தப் பேசறது?” என்று வீட்டில் புலம்பினாள்.

தையல்காரரான கணவர் கட்டிலில் நீட்டிப் படுத்தார். “நான்தான் பொம்மை. வாயே திறக்கமாட்டேன். பேசிப் பழகு.”

முதலில் சிரிப்பு வந்து காரியத்தைக் கெடுத்தது. போகப்போகக் கூச்சம் விட்டது. ஒருநாள், “இடது பக்கம் திருப்பப் போறேன், தோள் வலிச்சா சொல்லுங்க” என்றாள்.

“வலிக்குது.”

“பொம்மை பேசக்கூடாது.”

“நிஜமாத்தான். மிஷின்ல குனிஞ்சு குனிஞ்சு ரொம்ப நாளா இருக்கு. இப்பதானே கேக்கறே.”

அவள் சிரிக்கவில்லை. தோளுக்கடியில் தலையணையை வைத்தாள். மறுநாள் காலையில் அவரை டாக்டரிடம் அழைத்துப்போனாள்.

அடுத்த தேர்வில் பொம்மையிடம், “வலிக்குதாங்க?” என்று கேட்டுவிட்டு, அதன் முகத்தைப் பார்த்தபடி சற்று நின்றாள். எழுதிக்கொண்டிருந்த தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். அந்த முறை தேறிவிட்டாள்.