ஸ்கைலாப் முடித்து வைத்த கல்யாணம்

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்ப்பவனுக்குச் சம்பளம் மாசத்துக்கு ஒரு தடவை வரும், வாடை மட்டும் தினமும் கூடவே வீட்டுக்கு வரும். மூக்கு மரத்துப்போன என் சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா! அதிலும் கல்யாணமாகாத சூப்பர்வைசர் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆரியபட்டா போன வாரம்

நம் நாட்டின் முதல் செயற்கைக்கோள் மேலே போயிருந்த நேரம். ஆற்காட்டில் ஒரு வாத்தியார் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனேன். ஆம்பூரில் எங்கள் ஷாப்பு மேஸ்திரி பாஷா பாய், "அத்தர் போட்டா வாடை கம்மியாவும் சார்" என்று சட்டையெல்லாம் தடவி அனுப்பியிருந்தார். அத்தரும் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழி வாடையும் கலந்தால் என்ன ஆகும் என்று அந்த மனுஷனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

வாத்தியாரை அசத்த வேண்டுமென்று செயற்கைக்கோளைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினேன். அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "சங்கதி ஜோரா கீது தம்பி. மீதியை லெட்டர்ல எழுதிப் போட்டுடுங்க!"

தலைக்கு மேல் ஸ்கைலாப்

நாலு வருஷம் கழித்து, அமெரிக்காக்காரன் விட்ட ஸ்கைலாப் என்ற விண்வெளிக் கூடம் நம் தலையில்தான் விழும் என்று ஊரே கிலி பிடித்துக் கிடந்தது. ஷாப்பில் ஒருத்தரும் வெட்டவெளிக்கு வரமாட்டேன் என்றுவிட்டார்கள். காயப்போட்ட தோலை நானும் பாஷா பாயும்தான் அள்ளினோம், அவர் ஒரு தோலைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு!

அந்த வாரம்தான் ஜோலார்பேட்டை ரயில்வே கார்டு ஒருவரின் மகள் மேரியைப் பார்க்கப் போனேன். வேலூரில் நர்ஸ். அத்தர் இல்லை, உள்ளபடி போனேன். கார்டு ஒருமுறை மூக்கை உறிஞ்சினார், ஒருமுறை வானத்தைப் பார்த்தார். "இருக்கப்போறதே நாலு நாள், வாடை இன்னா வாடை" என்று அன்றைக்கே நிச்சயம் பண்ணிவிட்டார்.

ஸ்கைலாப் எங்கேயோ போய் விழுந்தது. வார்த்தை மாறிவிடுவார்களோ என்று தினமும் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றேன். மாறவில்லை. பாஷா பாய் சொன்னார்: "ஊரே தப்பிச்சிட்சு சார். பாவம், அந்தப் பொண்ணுதான் மாட்டிக்கிச்சு!"

நம்ம ஆள் விண்வெளியில்

கல்யாணமாகி நாலைந்து வருஷம் இருக்கும், முதலாளி வீட்டு டிவி முன்னால் எல்லோரும் கூடியிருந்தோம். நம் விமானப்படைக்காரர் ரஷ்யர்களோடு விண்வெளியில் இருந்தார். ஸ்கைலாப் பயத்தில்தான் மேரி தலையாட்டினாளோ என்று எனக்குள் வெகுநாளாக உறுத்தல். அன்று மெதுவாகக் கேட்டே விட்டேன்.

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "பயம் அப்பாவுக்கு. எனக்கு உங்க மூஞ்சி புடிச்சிருந்திச்சு. மூக்கைத்தான் ஆண்டவர்கிட்ட ஒப்படைச்சிட்டேன்!"

விண்வெளி ஆராய்ச்சியால் சாமானியனுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கிறவர்கள், ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து மேரி கையால் காப்பி குடித்துவிட்டுப் போகட்டும்.