ஊத்துக்கோட்டை தாண்டினால் தெலுங்கு

வனஜாவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குப் பொறுமையாக ஆரம்பிக்கத் தெரியாது. நேராக அவள் வீட்டுச் சமையலறை வாசற்படிக்குத்தான் போய் நிற்பேன். ஐயப்பன்தாங்கலில் எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு போர்ஷனில் இருந்தோம். நடுவில் ஒரு சுவர், பின்பக்கம் பொதுவாக ஓர் அடிபம்பு. நான் வாசலில் தையல் மெஷினைப் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருப்பேன். அவர்கள் வீட்டில் டம்ளர் உருண்டாலும் எனக்குக் கேட்கும். ஒட்டுக்கேட்கிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. காது இருந்தது, கேட்டது.

வனஜாவுக்கு நாகலாபுரம் சொந்த ஊர். ஊத்துக்கோட்டையைத் தாண்டிவிட்டால் ஆந்திரா, அங்கே இருக்கிறது அந்த ஊர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மாத்திரை கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்கு வந்தவள். அவள் தினமும் ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் கன்னியப்பன். டிக்கெட் கிழிக்கிற சாக்கில் தெலுங்கில் இரண்டு வார்த்தை பேசிப் பார்த்திருக்கிறான். அத்தனையும் தப்பு. அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் என்ன, சுருட்டப்பள்ளி கோயிலில் தாலி கட்டி அழைத்து வந்துவிட்டான்.

பஸ்ஸில் கன்னியப்பன் சிங்கம். படிக்கட்டில் தொங்குகிற காலேஜ் பையன்களைப் பார்வையாலேயே உள்ளே தள்ளுவான். பூந்தமல்லியில் இருக்கும் அவனுடைய அக்கா ஜெகதாம்பாள் வந்தால் மட்டும் நனைந்த கோழியாகி மூலையில் நிற்பான். சின்ன வயதிலேயே தாயை இழந்த தம்பியை அந்த அம்மாள்தான் தூக்கி வளர்த்தாள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். வனஜாவின் பிரசவத்துக்குக் கூடவே இருந்து பத்தியச் சாப்பாடு ஆக்கிப் போட்டவள் அவள்தான். ஆனால் தெலுங்கு என்றால் மட்டும் முகம் சுளித்துவிடுவாள். தம்பி வீட்டில் அந்தப் பாஷை வேண்டாம் என்று வனஜா வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள். அதனால் நாத்தனார் எதிரில் வனஜா ஒரு வார்த்தை தெலுங்கு பேசியதில்லை. குழந்தையோடு தனியாக இருக்கும்போது மட்டும், அதுவும் குசுகுசுவென்று பேசுவாள்.

குழந்தைக்குக் குலதெய்வத்தின் பேர், பொன்னியம்மா. நாங்கள் பொன்னி என்போம். எண்பத்தொன்பதில் அவளுக்கு மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஓடுவாள், சிரிப்பாள், என் மெஷின் பாபினைத் தூக்கிக்கொண்டு போய் ஒளித்து வைப்பாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை? கிடையாது. டாக்டர் பார்த்துவிட்டுக் காது நன்றாகக் கேட்கிறது, பொறுத்திருங்கள் என்றார். ஜெகதாம்பாள் வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்துக் குழந்தை நாக்கில் தடவினாள். பொன்னி முகத்தைக் கோணிக்கொண்டு தேனை மட்டும் நக்கினாள்.

பொங்கலுக்கு வந்த ஜெகதாம்பாள் தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"ரெண்டு பாஷைல புள்ள மெரண்டு பூட்ச்சி. ஆடி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள பேசலன்னா எங்க ஊட்டுக்கு இட்டுகினு பூடுவேன். அங்க ஒரே பாஷைதான்."

கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு வந்த கோபத்தில் ஒரு ஜாக்கெட் கையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன்.

மறுநாள் பம்படியில் வனஜா அழுதாள். குழந்தை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட அவள் சொன்ன இன்னொன்று என்னை உலுக்கிவிட்டது.

"தமிழ்ல நான் யோசிச்சு யோசிச்சுத்தான் பேசறேன், அக்கா. பெத்த புள்ளைய கொஞ்சறதுக்கும் யோசிக்கணுமா?"

அவள் குடத்துக்கு நான் தண்ணீர் அடித்துக் கொடுத்தேன்.

மாசி மாதத்தில் மூன்று பேரும் நாகலாபுரம் போய் வந்தார்கள். திரும்பி வந்த கன்னியப்பனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விஷயம் இதுதான். அவர்கள் போன பஸ்ஸில் கண்டக்டர் ஊத்துக்கோட்டை வரைக்கும் தமிழில் கத்திக்கொண்டு வந்தாராம். ஊத்துக்கோட்டை தாண்டியதும் அதே ஆள், அதே தொண்டை, தெலுங்குக்கு மாறிவிட்டார். மடியில் தூங்கி வழிந்த பொன்னி எழுந்து உட்கார்ந்து, அந்த ஆளின் வாயையே பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். திரும்பி வரும்போதும் அப்படியே. குழந்தை மிரளவே இல்லை, எந்த இடத்தில் எது என்று தேடுகிறது என்றான் கன்னியப்பன். எந்த இடம் என்று காட்டிவிட்டால் போதும்.

காட்டினான் பாருங்கள். வனஜாவின் பழைய நைலக்ஸ் புடவையை முடிச்சுப் போட்டு வளையமாக்கினான். அதுதான் பஸ். முன்னால் அவன் டிரைவர். நடுவில் வனஜா பயணி. கடைசியில் பொன்னி கண்டக்டர், கழுத்தில் அப்பாவின் விசில், தோளில் மஞ்சள் பை, அது நிறைய பழைய டிக்கெட். பஸ் என் வாசலில் புறப்பட்டு, அவர்கள் கூடத்தைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போகும். சமையலறை வாசற்படிதான் ஊத்துக்கோட்டை. இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் தெலுங்கு. யார் மாற்றிப் பேசினாலும் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்படுவார்கள். அடிபம்பு வரைக்கும் நடந்து போய்த்தான் மறுபடி ஏறலாம்.

நான் செக்கிங். திடீரென்று பஸ்ஸை மறித்து டிக்கெட் கேட்பது என் வேலை. தெலுங்கு தெரியாத செக்கிங் என்பதால் சமையலறைக்குள் போய் வாயைத் திறந்தாலே தப்பு. அந்த வெயில் காலத்தில் நான் பம்படிக்கு நடந்த நடை கொஞ்சநஞ்சமல்ல. என் வீட்டுக்காரர் கிறிஸ்துராஜ் வேலையிலிருந்து வந்தால் அவரையும் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றிவிடுவோம். மனிதரைச் சைக்கிளை நிறுத்தக்கூட விடமாட்டோம்.

படியில் ஏற்றும்போது இந்தப் பக்கம் "ஏறு", அந்தப் பக்கம் "எக்கு". இறங்கும்போது அங்கே "திகு". கூடத்தில் கத்தரிக்காயாக ஏறியது சமையலறையில் வங்காயாக இறங்கும். தண்ணீர் நீள்ளு ஆகும், நாத்தனார் வதினா ஆவாள். உப்பு மட்டும் இரண்டு பக்கமும் உப்புதான், அதனால் அதற்கு இரண்டு ராஜ்ஜியத்துக்கும் சேர்த்து ஃப்ரீ பாஸ். ஒரு நாள் எங்கள் தெருப் பூனை வாசற்படியிலேயே படுத்துவிட்டது. தலை சமையலறையில், வால் கூடத்தில். பொன்னி கையை விரித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். கன்னியப்பன் வெகுநேரம் யோசித்து, தலைப்பக்கம் பில்லி, வால்பக்கம் பூனை என்று தீர்ப்பளித்தான். பொன்னி விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் பேசவில்லை. எல்லாம் அவளுக்குப் புரிந்தது. எக்கு என்றால் ஏறினாள், பாலு என்றால் பாலைக் காட்டினாள். பஸ்ஸைக் கிளப்புவதும் நிறுத்துவதும் மட்டும் விசிலால்தான்.

சித்திரை போய் வைகாசி வந்தது. ஆடி நெருங்குகிறதே என்று வனஜாவுக்குப் பயம். குசுகுசுப்பு மட்டும் போய்விட்டது. சமையலறைக்குள் அவள் தெலுங்கைத் தொண்டை திறந்து பேசினாள், பாடினாள், குழந்தையைத் திட்டக்கூடச் செய்தாள். இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய குரலா என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

ஒரு சாயங்காலம் கன்னியப்பன் விசிலை டெப்போவிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தான். புடவைக்குள் என்னையும் சேர்த்து எல்லோரும் நின்றாயிற்று. விசில் இல்லை. விசில் கொடுக்காமல் எந்த டிரைவர் வண்டியை எடுப்பான்? கன்னியப்பன் எடுக்கவில்லை. வனஜா அவன் முதுகைத் தட்டினாள். போகட்டும், பிள்ளை பாவம் என்று நான்கூடச் சொன்னேன். அவன் திரும்பியே பார்க்கவில்லை. பொன்னி தரையை உதைத்தாள், புடவையைப் பிடித்து இழுத்தாள், முகமெல்லாம் சிவந்து போயிற்று. கடைசியில் தெருவே கேட்கும்படி ஒரு சத்தம்.

"ரைட்டே!"

கன்னியப்பன் புடவையோடு எங்களையும் இழுத்துக்கொண்டு ஓடினான் பாருங்கள், கூடம், சமையலறை, பின்வாசல், பம்படி என்று பஸ் எங்கெல்லாமோ போயிற்று. வனஜா ஓடிக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்? முதல் வார்த்தை தமிழா தெலுங்கா என்று புருஷனும் பெண்டாட்டியும் ராத்திரிச் சாப்பாட்டில் சண்டை போட்டுக்கொண்டார்கள். இரண்டும் இல்லை, அது பஸ் பாஷை என்று நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன்.

அதற்குப் பிறகு மடை திறந்த மாதிரிதான். கூடத்தில் தமிழ், சமையலறையில் தெலுங்கு. படியில் நின்றுகொண்டு மூச்சு வாங்கிவிட்டு மாற்றுவாள். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. பூந்தமல்லிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினோம். ரைட்டு சொல்வதெல்லாம் பேச்சா, நானே வந்து பார்க்கிறேன் என்று பதில் வந்தது.

ஆடி பிறந்ததும் ஜெகதாம்பாள் வந்தாள். கன்னியப்பன் டூட்டியில் இருந்தான். அவள் கையில் ஒரு காலிப்பை. அது எதற்கு என்று எனக்குப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது. மெஷினை விட்டுவிட்டு நானும் பின்னாலேயே போனேன். ஜெகதாம்பாள் கூடத்தில் உட்காருகிறவள் அல்ல. எப்போது வந்தாலும் நேராகச் சமையலறைக்குப் போய் அரிவாள்மனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மறுபேச்சு. அன்றும் அப்படியே உட்கார்ந்தாள். பொன்னி அங்கே மூலையில் வெங்காயம் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் பேரு இன்னாடி?"

பொன்னி அத்தையைப் பார்த்தாள். பதில் இல்லை. அப்பன் எங்கே என்று அத்தை கேட்டாள். பதில் இல்லை. இது என்ன என்று வெங்காயத்தைக் காட்டிக் கேட்டாள். குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ, இந்த அம்மாள் ஊத்துக்கோட்டையைத் தாண்டி உட்கார்ந்துகொண்டு தமிழில் கேட்கிறாளே. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் வனஜா பயத்தில் இன்னும் மோசம் செய்தாள். சொல்லுடா கண்ணு, பேர் சொல்லு என்று அவளே தமிழில் கெஞ்சினாள். பஸ் ஓட ஆரம்பித்ததிலிருந்து அம்மா அந்தச் சமையலறையில் தமிழ் பேசிப் பொன்னி கேட்டதே இல்லை. குழந்தையின் உதடு பிதுங்கிவிட்டது.

ஜெகதாம்பாள் எழுந்து கூடத்துக்குப் போய், அலமாரியிலிருந்து கவுன்களை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். கோபமாகக்கூட இல்லை, பிள்ளைக்கு நல்லது செய்கிற முகத்தோடு ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வனஜா கூடத்தைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். பிறகு சமையலறைத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். நாத்தனாருக்கு நன்றாகக் கேட்கிற குரலில், ஐந்து வருஷமாக அந்த அம்மாள் காதில் விழாமல் வைத்திருந்த பாஷையில் கேட்டாள்.

"நீ பேரேமி, தல்லி?"

"நா பேரு பொன்னி," என்றது குழந்தை, கணீரென்று.

ஜெகதாம்பாளின் கை கவுனோடு நின்றது. உன் பாஷையைச் சொல்லிக்கொடுத்துவிட்டாய், எங்கள் பாஷை எங்கே என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் பொன்னி ஓடிவந்து வாசற்படியில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, இந்தப் பக்கம் கால் வைத்தாள்.

"அத்தே, நீ தப்பு. அங்க போய் தமிழ் பேசறே. இங்க கேளு. எங்கப்பா டூட்டிக்குப் போயிருக்கு. அது வெங்காயம். என் கவுன ஏன் எடுக்கறே?"

ஜெகதாம்பாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கேள்விமேல் கேள்வி. வசம்பு கசந்ததா என்றுகூடக் கேட்டாள், கசந்தது என்று பதில் வந்தது. பஸ் எப்படி ஓடும், யார் டிரைவர், செக்கிங் யார் என்று பொன்னி சொல்லி முடிக்க அரைமணி ஆயிற்று. பேசிக்கொண்டே இருந்த அந்த அம்மாளின் கை, கவுன்களைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் திரும்ப வைத்துக்கொண்டிருந்தது. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இவ்வளவு பேசினால் தொண்டை காயாதா? தண்ணீர் குடிக்க ஜெகதாம்பாள் சமையலறைப் பக்கம் எழுந்து போனாள். பொன்னி இரண்டு கையையும் விரித்துப் படியை மறித்தாள். அந்தப் பக்கம் போனால் தெலுங்கில்தான் கேட்க வேண்டும் என்று கறாராகச் சொன்னாள். வனஜா குழந்தையை நகர்த்தக் குனிந்தாள்.

ஜெகதாம்பாள் அவளைத் தடுத்தாள். தம்பி பெண்டாட்டியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தண்ணிக்கு இன்னாடி சொல்லணும்?"

வனஜா உதட்டை மட்டும் அசைத்தாள். ஜெகதாம்பாள் அதைப் பார்த்துக்கொண்டே, படியில் ஒரு காலை வைத்து, நாக்கு புரளாமல் திக்கிச் சொன்னாள்.

"நீள்ளு."

பொன்னி வழிவிட்டாள். வனஜா பானையிலிருந்து தண்ணீர் மொண்டாள். பாதி தரையில் சிந்தியது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள்.

"தீஸ்கோண்டி, வதினா."

அதற்கு என்ன அர்த்தம் என்று ஜெகதாம்பாள் கேட்கவில்லை. வாங்கிக் குடித்தாள்.