முழங்கை வரை படித்தவள்

குளிர்பான ஆலையின் நிரப்புக் கூடத்தில் வாய் இருந்தும் பயனில்லை. பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு பெல்ட்டில் ஓடும் சத்தத்தில், பக்கத்தில் நிற்பவர் காதோரம் கத்தினாலும் கேட்காது. போதாததற்கு எல்லார் காதிலும் அடைப்பான். அதனால் அங்கே எல்லாம் கைப்பேச்சுதான். முஷ்டியை உயர்த்தினால் இயந்திரத்தை நிறுத்து என்று பொருள். இரண்டு விரலைக் காட்டினால் மூடி தீர்ந்துவிட்டது. உள்ளங்கையைத் தலையில் வைத்தால் மேலாளர் வருகிறார், ஜாக்கிரதை.

இந்தக் கைப்பேச்சில் விண்கலத்தையும் டிராகனையும் சேர்த்துவிட்டவள் ராக்கெட்டக்கா.

அவளுக்கு அந்தப் பெயரைக் கேலியாக வைத்தது அவளுடைய நாத்தனார். கால் முறிந்து இவள் தன் வீட்டில் படுத்துக் கிடந்த சமயம், கட்டுப் போட்ட காலுக்கு முட்டுக்கொடுக்கப் பக்கத்து வீட்டிலிருந்து அட்டை கிழிந்த தடிப் புத்தகம் ஒன்று வந்தது. பொழுது போகாமல் அதை உருவிப் படித்தாள். இரண்டு சூரியன் உள்ள கிரகத்தில் நிழலுக்காகச் சண்டை போடும் ஜனங்களின் கதை. கால் கூடிவிட்டது, பழக்கம் போகவில்லை. "பேரன் எடுக்கிற வயசுல ராக்கெட்டு கேட்குதா?" என்றாள் நாத்தனார். "பேரன் வந்தா அவனையும் ஏத்திக்கிட்டுப் போறேன்" என்றாள் இவள். ஆலையில் யாராவது பெயர் கேட்டால் தானே ராக்கெட்டக்கா என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தாள். அதோடு கேலி செத்தது.

ஆலையில் அவள் வேலை விளக்குப் பலகைக்கு முன்னால். வெளிச்சத்தைக் கடந்து ஓடும் காலி பாட்டில்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் எடுத்து எறிய வேண்டும். கூடத்தில் அவளைப் போலவே மாயக் கதையும் விண்வெளிக் கதையும் படிக்கிறவர்கள் இன்னும் இருவர்: லேபிள் ஒட்டும் பிரிவுத் தங்கச்சி, பெட்டிகளைத் தூக்கிப் போகும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் மாமா. இப்போது என்ன படிக்கிறோம் என்பதை மூவரும் கையாலேயே சொல்லிக்கொள்வார்கள். கட்டைவிரலை மேலே ஏற்றினால் விண்கலம். தோளில் விரல்களை விரித்தால் டிராகன். எதுவரை படித்தாயிற்று என்பதற்கு அளவுகோல் கை: மணிக்கட்டைத் தொட்டால் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, முழங்கை என்றால் பாதி, தோள் என்றால் முடியப்போகிறது. தோளுக்கு மேல் பேச்சில்லை. முடிவைச் சொல்வது பாவம்.

அந்தப் பாவத்தைத்தான் மாமா செய்தார். ஒரு டிராகன் கதையை அவர் முடித்திருந்தார். அதே கதையில் ராக்கெட்டக்கா முழங்கையில் இருந்தாள். துக்கம் தாங்காத மனிதர், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, தோளில் விரித்த விரல்களை மெல்லச் சுருக்கிக் கையைத் தொங்கப் போட்டார். டிராகன் செத்துவிட்டது.

"அடப்பாவி" என்று அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு கையும் அவரை நோக்கி ஆத்திரமாகப் பறந்தது எல்லாருக்கும் தெரிந்தது. அந்த நேரத்தில் விரிசல் விட்ட பாட்டில் ஒன்று விளக்கைக் கடந்து போய், மூடி போடும் இயந்திரத்தில் வெடித்தது. கண்ணாடித் தூள் எங்கும் சிதறியது. அந்த வரிசையில் நிரப்பியிருந்த அத்தனையையும் சாக்கடையில் கொட்டினார்கள்.

மேலாளர் அவளைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. மேற்பார்வையாளர் பதவிக்கு அவள் பெயரைச் சொல்லியிருந்தவரே அவர்தான். அந்தப் பதவிக்காக அவள் காத்திருந்தது கூடத்துக்கே தெரியும்.

"நாளைக்குக் காலையில, மெஷின் போடுறதுக்கு முன்னாடி, எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. இந்தப் பேய்க்கதை, பூதக்கதைய எல்லாம் விட்டுட்டேன்னு. பதவி உங்களுக்குத்தான்."

வீட்டில் கணவர் காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். "வாயால சொல்றதுதானே? சொல்லிட்டு வந்து வீட்ல படி. யாரு பார்க்கப்போறா?"

"ஒளிஞ்சு படிக்க நான் என்ன திருட்டா பண்றேன்?"

"பதவி போயிடும்டி."

"போகும்னு தெரியும்." புத்தகத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

"அந்த டிராகன்தான் செத்துடுமே, அப்புறமும் என்ன?"

"இன்னும் சாகலையே. என் பக்கத்துல அது பறந்துக்கிட்டுதான் இருக்கு."

கணவர் வெங்காயத்தைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் காலை, கூடம் அமைதியாக இருந்தது. காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினாள். இத்தனை காலம் கையை மட்டும் பார்த்தவர்கள் பலர் அவள் குரலை அன்றுதான் முழுசாகக் கேட்டார்கள்.

"விரிசலை விட்டது நான். என் கண்ணு தப்பு, என் கை தப்பு. அதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க, வாங்கிக்கிறேன். இனிமே பெல்ட் ஓடுறப்ப என் கை கதை பேசாது. இது யாரும் சொல்லி இல்ல, நானே எனக்குப் போட்டுக்கிட்ட சட்டம்."

மேலாளர் தலையசைத்தார். "அப்புறம்?"

"படிச்சது தப்பில்ல. அதை விட்டுட்டேன்னு சொல்லமாட்டேன். நான் இப்ப படிக்கிறது டிராகன் கதை. முழங்கை வரைக்கும் வந்திருக்கேன். அது சாகப்போகுதுன்னு ஒரு புண்ணியவான் தயவுல தெரிஞ்சுபோச்சு. இருந்தாலும் கடைசி வரைக்கும் படிப்பேன்."

ஃபோர்க்லிஃப்ட் மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். லேபிள் தங்கச்சி தொண்டையைச் செருமினாள். "நான் செவ்வாய்க் கிரகத்துல மழை பெய்யிற கதை. மணிக்கட்டுல இருக்கேன்." யாரும் கேட்காமலே மாமாவும் சொன்னார்: "நான் புதுசு இன்னும் எடுக்கல. துக்கம்."

கூடம் சிரித்தது.

"அப்ப மேற்பார்வையாளர் வேலை வேண்டாமா?" என்றார் மேலாளர்.

"வேண்டாம்னு நான் சொல்லல சார். அந்த விலைக்கு வேண்டாம்."

அவர் கண்ணாடி அறைக்குத் திரும்பினார். மதியத்துக்குள் பதவி மூடி இயந்திரத்துக்காரருக்குப் போயிற்று. அவர் வந்து சங்கடமாக நின்றார். "நல்லா பண்ணுங்க தம்பி, மூடி தீர்ந்தா மட்டும் சீக்கிரம் சொல்லுங்க" என்றாள்.

மதியம் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தபோது மாமா வண்டியிலிருந்து, எதுவரை என்று கேட்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். அவள் கண் பாட்டிலை விட்டு நகரவில்லை. தேநீர் மணி அடித்து பெல்ட் நின்றது. அவள் எழுந்து, கண்ணாடி அறைக்கு நேராகப் போய் நின்றாள். உள்ளிருந்து மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் உள்ளங்கை வைத்து எச்சரித்தாள் தங்கச்சி.

ராக்கெட்டக்கா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கையை நன்றாக உயர்த்தி, முழங்கைக்கு ஒரு விரற்கடை மேலே தொட்டுக் காட்டினாள்.