மனேஜரின் போர்த்துக்கேயம்

கல்லடிப் பாலத்தில் காலை ஐந்தரை மணிக்கு எங்கள் மனேஜர் ஏறி இறங்கி ஓடிய காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. மலைநாட்டில் நடக்கும் மலையோட்டப் போட்டிக்குப் பயிற்சியாம். மட்டக்களப்பில் மலைக்கு எங்கே போவது? அகப்பட்டது பாலந்தான். காதில் வயரை மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கப் போர்த்துக்கேயச் சொற்களை வேறு முணுமுணுப்பார். அது எதற்கு என்று கேட்டேன். "சும்மா, பம்பலுக்கு" என்றார். வாவியில் வலை இழுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள். தண்ணீர்ப் போத்தலோடு நின்று சுற்றுகளை எண்ணிய எனக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. நான் தற்காலிக எழுதுவினைஞன். என்னை நிரந்தரமாக்கும் கடிதம் அவருடைய மேசையில் கிடந்தது.

எங்கள் அலுவலகத்தில் கடிதங்கள் தட்டச்சு செய்தவர், போர்த்துக்கேயர் வழிவந்த ஒரு பறங்கி அன்ரி. அவர்கள் வீட்டில் பேசியது பழைய போர்த்துக்கேயம். பகல் சாப்பாட்டு நேரத்தில் தன்னாமுனையில் இருக்கும் அக்காவுக்குப் போன் எடுப்பார். கையில் சோறு என்பதால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். பாரிசவாதம் வந்த பிறகு அக்காவுக்குத் தமிழ் அடியோடு போய்விட்டது, வீட்டுப் பாஷை மட்டும் மிஞ்சியிருந்தது. அக்கா சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிப்பார். அன்ரி பாடிக் காட்டிக் கெஞ்சுவார். இங்கே அன்ரி ஒரு வாய் வைத்தால்தான் அங்கே அக்காவும் ஒரு வாய் வைப்பார். மனேஜர் இதை முதலில் கேட்டபோது துள்ளிக் குதித்தார். இரண்டு நாள் அன்ரியின் மேசையைச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள், ஆறு மாதம் போனில் படித்த மனுஷன், பிறந்ததிலிருந்து பேசுகிறவரைத் திருத்தத் தொடங்கினார். "இது போர்த்துக்கேயமே இல்ல அன்ரி, உடைஞ்சுபோன பாஷை" என்றார். அன்ரி தலையைக் குனிந்து தட்டச்சைத் தொடர்ந்தார்.

பிறகு என்னை அறைக்குள் கூப்பிட்டு, "அவ பேசுறதக் கொஞ்சம் ரெக்கோட் பண்ணும். கூட ஓடுற பொடியன்மாருக்குக் காட்டோணும்" என்றார். பண்ணினேன். சாப்பாட்டுப் பெட்டிக்குப் பின்னால் என் போனை வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல அன்ரிக்கு முன்னால் உட்கார்ந்தேன். பதிவை அவருக்கு அனுப்பிய வாரமே என் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது.

மனேஜர் மலையில் ஓடி முடித்தபோது பதாகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்களாம். ஓடியவர் எல்லாருக்கும் கொடுத்த பதக்கத்தை அவர் ஒரு கிழமை கழுத்தில் போட்டுக்கொண்டே கந்தோருக்கு வந்தார். அவருக்கு ஒரு பாராட்டுத் தேநீரும் வைத்தோம், வெட்கங்கெட்டவர்கள். அன்ரி தன் கையால் லவ் கேக் செய்து கொண்டுவந்திருந்தார். பேச்சின் நடுவே மனேஜர் அந்தப் பதிவைப் போட்டார். முதலில் வந்தது என் குரல்: "அன்ரி, அக்கா இப்ப எப்படி?" பிறகு இரண்டு கிழவிகளின் பாட்டும் கெஞ்சலும். மனேஜர் ஒவ்வொரு வரியாக நிறுத்திப் பிழை சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் பல்லைக் காட்டினேன். அன்ரி கேக் தட்டைக் கீழே வைத்தார். "போதும் சேர், நிப்பாட்டுங்க. இனி அக்கா அழுற இடம் வரும்" என்றார். என்னை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அன்றே பயத்தில் என் போனிலிருந்த பதிவை அழித்தேன்.

அடுத்த வருடம் அக்கா போய்விட்டார். முப்பத்தோராம் நாள் பூசை கழிந்து அன்ரி என் மேசைக்கு வந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் என்னோடு பேசினார். "தம்பி, அண்டைக்கு எடுத்தீங்களே, அது இருக்கா? அக்காட குரல் எங்கட்ட வேற ஒண்டும் இல்ல." அழித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "பாத்துச் சொல்றன் அன்ரி" என்றேன்.

மனேஜர் அதற்குள் கொழும்புக்கு மாற்றலாகிப் போயிருந்தார். நான் போன் எடுத்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது, ஓடிக்கொண்டிருந்தார். "அந்தக் குப்பையா? எப்பவோ அழிச்சாச்சு. போர்த்துக்கேயத்தையும் விட்டாச்சு, இப்ப ஸ்பானிஷ்" என்று சிரித்தார். வாய்க்கு வந்தபடி திட்டியிருக்க வேண்டும். இனி என் வேலையில் கைவைக்க அவரால் முடியாது என்பதும் எனக்குத் தெரியும். "தேங்க்ஸ் சேர்" என்று சொல்லித்தான் போனை வைத்தேன்.