லுவெல்லா தின்ற கேக்

லுவெல்லாவுக்குப் பொய் சொல்ல வராது. அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்துச் சின்ன ஊர் ஒன்றில் முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள். சீட்டில் நல்ல கை வந்துவிட்டால் போதும், தொண்டை அடைத்துக்கொள்ளும், ஒரு வாய் இறங்காது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து தோழி பெர்னிஸ் வீட்டில் மூன்று பேர் போக்கர் சீட்டு ஆடுவார்கள். பணம் கிடையாது, காய்ந்த மொச்சைதான் பந்தயம். பெர்னிஸ் வைக்கும் கேக்கை லுவெல்லா தொடவில்லையா, அவளுக்கு நல்ல கை என்று மற்ற இருவரும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவார்கள். அப்புறம் அவள் எங்கே பெரிசாக ஜெயிக்கிறது!

மூன்றாவது ஆள் ஓடெல், தச்சன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சூறாவளி லுவெல்லாவின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோது, பதினோரு நாள் ஏணியிலேயே கிடந்து புதுக்கூரை போட்டுக் கொடுத்த மனுஷன். அதற்கு ஒரு நன்றி சொல்ல விட்டானா? வாயெடுத்தாலே பேச்சை மாற்றிவிடுவான். இப்போது அவனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரம் மூன்று நாள் நாற்பது மைல் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். கண் மங்கி வண்டியையும் விற்றாகிவிட்டது. ஆஸ்பத்திரி வேன் போன வாரம் இரண்டு தடவை வரவில்லை, இவனும் போகவில்லை. கால் இரண்டும் வீங்கிவிட்டன. "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று லுவெல்லா கெஞ்சியும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். ம்ஹூம், அப்படி ஒரு வீம்பு!

அந்த ஞாயிறு அவள் கையில் மூன்று ராணி, இரண்டு ஏழு. தொண்டை அடைத்தது. அடைத்தால் அடைக்கட்டும் என்று தேங்காய் கேக்கை ஒரு வாய் போட்டு, காபியை ஊற்றி உள்ளே தள்ளினாள்.

"பாத்தியா, கேக் உள்ள போகுது! இவகிட்ட ஒண்ணும் இல்ல" என்று ஓடெல் தன் மொச்சை முழுவதையும் நடுவில் தள்ளினான்.

"எங்கிட்ட அவ்வளவு மொச்சை இல்ல" என்றாள் லுவெல்லா. " நீ ஜெயிச்சா எம் புருஷனோட படகு உனக்கு. நான் ஜெயிச்சா ஆஸ்பத்திரிக்கு நான்தான் வண்டி ஓட்டுவேன். வழியெல்லாம் நீ வாயத் தொறக்கக் கூடாது."

அந்தப் படகின்மேல் ஓடெலுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். "என்னை மிரட்டிப் பாக்கிறியாக்கும்?" என்று அவள் தட்டையே பார்த்தான்.

லுவெல்லா மிச்சத்தையும் விழுங்கினாள். "பெர்னிஸ், இன்னொரு துண்டு வைடி."

"படகுக்கு பெயிண்ட் வாங்கி வெச்சுக்கோ, ஓடெல்!" என்று பெர்னிஸ் சிரித்தாள்.

"சரி, பந்தயம்." ஐந்தும் இஸ்பேட்டாக விரித்தான். நல்ல கைதான். ஆனால் மூன்றும் இரண்டும் சேர்ந்த கைக்கு முன்னால் அது நிற்காது. லுவெல்லா விரித்தாள்.

"அடிப்பாவி! இத்தனை வருஷமா நடிச்சியா?"

"இல்லப்பா, இன்னிக்குத்தான். வயித்தப் புரட்டுது."

அந்த மேஜையில் தோற்றதைக் கொடுக்காமல் எழுந்தவர் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை ஓடெல் அவள் காரில் ஏறினான், வாயைத் திறக்கவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் லுவெல்லா ஆரம்பித்தாள்.

"அந்தக் கூரை இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல, ஓடெல். மழை பெய்யற ராத்திரியெல்லாம் உன்னத்தான் நினைச்சுக்குவேன். நீ நல்லா இருக்கணும். ரொம்ப நன்றி."

அவன் வாயெடுத்தான். "ஸ்ஸ், பந்தயம்!" என்றாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இன்னும் முப்பத்தெட்டு மைல் இருந்தது. அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது.